கையெழுத்திட்ட விளையாட்டுப் பொருளுக்கு கிரேடிங் தேவையா? திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பந்து, பேட், ஜெர்சி, கார்டு (வீரரின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டை) என்று ஆட்டோகிராஃப் வாங்கிச் சேர்க்கிற ஆட்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே பதினைந்து இருபது கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துப்போய் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். நான் எந்த கிரேடிங் நிறுவனத்திலும் வேலை பார்த்தவன் இல்லை. வாங்கி, விற்று, நடுவில் இரண்டு முறை நன்றாக ஏமாந்து கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கிரேடிங்னா கையெழுத்து ஒரிஜினல்தான்னு சொல்றதுதானே?

இல்லை. முக்கால்வாசிப் பேர் குழம்புவது இங்கேதான். இதில் இரண்டு தனி வேலைகள் இருக்கின்றன. முதல் வேலை, இந்தக் கையெழுத்தை அந்த வீரர்தான் போட்டாரா என்று பார்ப்பது. அதென்டிகேஷன் என்பார்கள், நான் சரிபார்ப்பு என்றே எழுதுகிறேன். இரண்டாவது வேலை, உண்மைதான் என்று முடிவான பிறகு அது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவது. கிரேடிங் என்பது இந்த இரண்டாவது வேலை.

சரிபார்க்காமல் மதிப்பெண் போட மாட்டார்கள். ஆனால் சரிபார்ப்பை மட்டும் செய்துகொண்டு அதோடு நிறுத்திக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. "கிரேடிங் பண்ணலாமா" என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியதே அதுதான். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விற்பதாக இருந்தால் சரிபார்ப்புக்குச் செலவு செய்யலாம், மதிப்பெண்ணுக்குச் சில வகைப் பொருள்களில் மட்டும் செலவு செய்யலாம். ஏன் என்பது கீழே வரும்.

எதைப் பாத்து மார்க் போடறாங்க? கையெழுத்து அழகா இருந்தா 10-ஆ?

அழகுக்கு மார்க் கிடையாது. கோழி கிளறியதுபோல் கையெழுத்துப் போடுகிற வீரர் அப்படியே பளிச்சென்று போட்டிருந்தால் அதற்கு 10 கிடைக்கும். மை அடர்த்தியாக இருக்கிறதா, நடுவில் எங்காவது விட்டுப்போயிருக்கிறதா, கை பட்டு இழுபட்டிருக்கிறதா, மங்கியிருக்கிறதா, படத்தின் கறுப்பான பகுதியில் விழுந்து பாதி தெரியாமல் போயிருக்கிறதா, இதையெல்லாம்தான் பார்க்கிறார்கள். பேனா மை தீர்ந்துபோய்க் கடைசி எழுத்தில் கோடு கோடாக வந்திருக்கும் பாருங்கள், அதற்கெல்லாம் மார்க் குறையும்.

பொருளின் நிலைக்குத் தனிக் கணக்கு. கார்டு என்றால் மூலை, ஓரம், மேற்பரப்பு, அச்சு நடுவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து அதற்கு ஒரு மதிப்பெண்ணும் கையெழுத்துக்கு இன்னொரு மதிப்பெண்ணும் போடுவார்கள். பேஸ்பால் பந்தில் பந்தின் நிறம், கறை எல்லாம் மொத்த மதிப்பெண்ணில் சேரும்.

என் கண்ணு முன்னாடிதான் போட்டாரு. எனக்கு எதுக்கு சர்டிஃபிகேட்?

உங்களுக்குத் தேவையே இல்லை. உங்களை முன்பின் தெரியாமல் அதை வாங்கப்போகிற ஒருவருக்குத்தான் தேவை. அவரிடம் நீங்கள் "என் கண்ணால பாத்தேன்" என்றால், போலி விற்கிறவனும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறான். அவர் யாரை நம்புவார்?

வீரர் கையெழுத்துப் போடும்போது எடுத்த படம் இருந்தால் நல்லது, பத்திரமாக வையுங்கள். ஆனால் அந்தப் படத்தில் இருக்கிற பந்தும் நீங்கள் விற்கிற பந்தும் ஒன்றுதான் என்று அது நிரூபிக்காது. கையெழுத்தின் வடிவம் தெரிகிற அளவுக்கு நெருக்கமாக எடுத்திருந்தால் கொஞ்சம் பலம். தூரத்தில் நின்று எடுத்த செல்ஃபியை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

வாங்கும்போதே கூட ஒரு சான்றிதழ் குடுத்தாங்க, தங்க நிறத்துல முத்திரையெல்லாம் இருக்கு. அது போதாதா?

கொடுத்தது யார்? விற்றவரே அச்சடித்துக் கொடுத்ததென்றால் அந்தக் காகிதத்துக்குக் காகித விலைதான். நான் முதல் முறை ஏமாந்ததே இப்படித்தான். சான்றிதழ் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது, பந்தைச் சரியாகப் பார்க்கவே தோன்றவில்லை. மூன்று வருடம் கழித்து விற்கப் போனபோது, வாங்க வந்தவர் பந்தைக் கையில்கூட எடுக்காமல் சான்றிதழை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

இது எவ்வளவு பெரிய கூத்தாக நடந்தது என்று தெரிய வேண்டுமென்றால் அமெரிக்காவின் ஆபரேஷன் புல்பென் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1990-களின் கடைசியில் எஃப்.பி.ஐ.யின் சான் டியாகோ அலுவலகம் ஒரு போலிக் கையெழுத்துக் கும்பலைப் பின்தொடர்ந்து 1999-ல் வளைத்துப் பிடித்தது. போலிச் சரக்கின் மதிப்பு 10 கோடி டாலர் வரை போகும் என்று கணக்கிட்டார்கள், அறுபதுக்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அந்தக் கும்பலின் சரக்கில் அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால்கூட இருந்தது! அந்த வியாபாரத்திலும் சரக்கோடு சான்றிதழ் வந்துகொண்டுதான் இருந்தது.

அப்ப யாரோட சான்றைத்தான் நம்பறது?

வாங்குபவர்கள் எதை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்டால் பதில் எளிது. பொருளை விற்பதில் சம்பந்தமில்லாத மூன்றாம் தரப்புகளில் பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் ஆகிய மூன்று பெயர்களைத்தான் பெரிய ஏல நிறுவனங்களின் பட்டியல்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். பி.எஸ்.ஏ. 1991-ல் கார்டு கிரேடிங்கில் தொடங்கி, கையெழுத்துப் பிரிவை 1998-ல் ஆரம்பித்தது. ஜே.எஸ்.ஏ. 2005-ல் வந்தது, அதைத் தொடங்கிய ஜேம்ஸ் ஸ்பென்ஸ் அதற்கு முன்பு பி.எஸ்.ஏ.யில் இருந்தவர். பெக்கெட்டின் கையெழுத்துப் பிரிவு 2016-ல் வந்தது. ஆக மொத்தம் சின்ன உலகம்.

இதைவிட பலமான இன்னொரு வகை உண்டு, நேரில் பார்த்துத் தருகிற சான்று. அமெரிக்க பேஸ்பால் லீகான எம்.எல்.பி. 2001-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. காவல்துறையில் இருப்பவர்களும் இருந்து ஓய்வு பெற்றவர்களும் பக்கத்தில் நின்று பார்த்து, அங்கேயே எண் போட்ட ஹோலோகிராம் ஒட்டுவார்கள். சான் டியாகோ பாட்ரஸ் வீரர் டோனி க்வின், தன் அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்து விற்பதைப் பார்த்துவிட்டார் என்பது அந்தத் திட்டத்துக்குப் பின்னால் இருக்கிற கதை. அப்பர் டெக் நிறுவனமும் 1992 முதல் ஒப்பந்த வீரர்களை நேரில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கி ஹோலோகிராமோடு விற்றது. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜார்டன், ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி எல்லாம் அந்த வரிசை. உங்கள் பொருளில் இந்த வகைச் சான்று ஏற்கெனவே இருந்தால் இன்னொரு நிறுவனத்திடம் போய்ச் சரிபார்ப்புக்குப் பணம் கட்டுவது வீண் செலவு.

பி.எஸ்.ஏ. கையெழுத்துப் பிரிவோட பேர்லயே டி.என்.ஏ. இருக்கே, வீரரோட டி.என்.ஏ.வையா எடுத்துப் பாக்கறாங்க?

சிரிக்காதீர்கள், இதை மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். அந்த டி.என்.ஏ. வீரருடையது இல்லை. சரிபார்த்த பொருளில் அடையாளத்துக்காக, கண்ணுக்குத் தெரியாத மையில் செயற்கை டி.என்.ஏ. கலந்து ஒரு புள்ளி வைத்தார்கள். பிறகு யாராவது பொருளை மாற்றிவிட்டால் கண்டுபிடிக்க அது ஒரு வழி. கையெழுத்து யாருடையது என்பதை அது சொல்லாது.

பின்ன எப்படித்தான் கண்டுபிடிக்கறாங்க?

அனுபவமுள்ள ஒருவர் உட்கார்ந்து, அந்த வீரரின் உறுதியான பழைய கையெழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். எழுத்தின் சாய்வு, இரண்டு எழுத்துக்கு நடுவில் விடுகிற இடம், எங்கே பேனாவைத் தூக்குகிறார், எந்த இடத்தில் அழுத்துகிறார், எல்லாவற்றையும்விட வேகம். சொந்தக் கையெழுத்தை யோசிக்காமல் ஒரே வீச்சில் போடுகிறோம். அடுத்தவர் கையெழுத்தைப் பார்த்துப் போடுகிறவன் மெதுவாக வரைகிறான், கோட்டில் நடுக்கமும் தேவையில்லாத நிறுத்தமும் வரும். பூதக்கண்ணாடியில் வைத்தால் அது தெரியும்.

அதற்கு மேல் காலக் கணக்கு இருக்கிறது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். முகமது அலி அந்தப் பெயரை 1964-ல்தான் எடுத்தார், அதற்கு முன்பு கேசியஸ் கிளே. 1962-ல் வாங்கியது என்று சொல்லி "முகமது அலி" என்று கையெழுத்திட்ட புகைப்படத்தை யாராவது நீட்டினால் அங்கேயே கதை முடிந்தது. பிற்காலத்தில் பார்க்கின்சன் நோயால் அவர் கையெழுத்து குறுகி நடுங்கியது, ஆக நடுக்கம் இருந்தாலே போலி என்றும் சொல்லிவிட முடியாது. எந்த வருடத்து நடுக்கம் என்று பார்க்க வேண்டும். பழைய பேஸ்பால் வீரர் பேப் ரூத் ஆரம்ப காலத்தில் தன் பெயரில் 'பேப்' என்பதை மேற்கோள் குறிக்குள் எழுதுவார், பிறகு விட்டுவிட்டார். மை, காகிதம், பந்தில் அச்சடித்த லீக் தலைவரின் பெயர் எல்லாம் இதே மாதிரி வருடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு பழைய பேஸ்பால் வீரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரசிகர்களுக்குப் பெரும்பாலும் அவர் மனைவி கேட்டிதான் போட்டுக் கொடுத்தார். ஜாக்சன் தன் கையால் போட்டது மிகமிக அரிது, 1911-ல் போட்ட ஒரு புகைப்படம் 2021-ல் 14 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போனது. அந்த மாதிரி இடத்தில் சரிபார்ப்பு இல்லையென்றால் பொருளே இல்லை.

சரி, அவங்களே தப்பு பண்ணிட்டா?

பண்ணுவார்கள். அவர்கள் தருவது ஒரு நிபுணரின் கருத்து, ஆய்வுக்கூட முடிவு மாதிரி இல்லை. ஒரே பொருளை ஒரு நிறுவனம் ஏற்று இன்னொன்று நிராகரித்ததை நானே பார்த்திருக்கிறேன். சான்றின் பின்பக்கத்தில் இருக்கிற நிபந்தனைகளை ஒரு முறையாவது படித்துவிடுங்கள், தவறினால் பணம் தருவார்களா, எதற்குத் தருவார்கள் என்பது அங்கேதான் இருக்கும்.

கிரேடிங் பக்கத்தில் இதற்குப் பெரிய உதாரணம் ஹோனஸ் வாக்னர் கார்டு. டி206 வரிசையில் வந்த, உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட பேஸ்பால் கார்டு அது. பி.எஸ்.ஏ. முதன்முதலில் கிரேடு செய்த கார்டும் அதுதான், கொடுத்தது 8. அதை ஒரு காலத்தில் விற்ற பில் மாஸ்ட்ரோ, ஓரங்களை வெட்டிச் சீராக்கினேன் என்று 2013-ல் ஒத்துக்கொண்டார். வெட்டிய கார்டுக்கு எண் மதிப்பெண்ணே தரக்கூடாது என்பது அவர்கள் விதி. அதில் கையெழுத்து கிடையாதுதான், ஆனாலும் கிரேடு செய்த கார்டை வைத்து மூடித் தருகிற பிளாஸ்டிக் டப்பாவில் எழுதிய எண்ணைச் சாமி வாக்கு மாதிரி எடுத்துக்கொள்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

செலவு போக எனக்கு என்ன மிஞ்சும்? அதைச் சொல்லுங்க முதல்ல.

கட்டணத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: கையெழுத்துப் போட்டவர் யார், பொருளின் மதிப்பு எவ்வளவு. பெரிய பெயருக்குச் சரிபார்ப்புக் கட்டணம் கூடுதல். நீங்கள் குறைத்து மதிப்புச் சொல்லி அனுப்பி, மார்க் நன்றாக வந்து மதிப்பு ஏறிவிட்டால் மேல் கட்டணம் கேட்பதும் உண்டு. இதோடு போக வர அனுப்பும் செலவு, வழியில் தொலைந்தால் என்று இன்ஷூரன்ஸ், கடைசியில் விற்கும் தளமோ ஏல நிறுவனமோ எடுக்கிற கழிவு. கட்டணத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் இந்தக் கடைசி மூன்றையும் மறந்துவிடுகிறார்கள்.

நான் போடுகிற கணக்கு ரொம்பப் பாமரமானது. சான்று இல்லாமல் இன்றைக்கு 100-க்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்பு, போக்குவரத்து எல்லாம் சேர்ந்து 40 ஆகிறது, சான்றோடு விற்றால் 200 வருகிறது, கழிவு 25 என்றால் கையில் 135. லாபம். இதே பொருளுக்கு மதிப்பெண்ணும் வாங்க இன்னும் 30 செலவாகி விலை 215 ஆகிறதென்றால் அந்த எண்ணுக்காக நீங்கள் கையிலிருந்து போட்டதுதான் மிச்சம். விலையைக் கண்டுபிடிக்க, விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். கேட்கிற விலை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

மதிப்பெண் வாங்கறது எதுக்குத்தான் லாபம் அப்ப?

முதலாவது கார்டுகள். கார்டு வாங்குகிறவர்கள் எண்ணைப் பார்த்தே பழகியவர்கள், 9-க்கும் 10-க்கும் நடுவில் விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். அங்கே கிரேடிங் இல்லாமல் நல்ல விலை வராது. இரண்டாவது, ஒரே ஒருவர் மட்டும் கையெழுத்திட்ட பழைய பேஸ்பால்கள், அதிலும் உயிரோடு இல்லாத பெரிய வீரர்கள். எண்பது தொண்ணூறு வருடம் வெயிலும் தூசியும் பட்ட பந்தில் மை அடர்த்தியாக நின்றிருப்பதே அதிசயம், ஆகவே 8 என்பதே பெரிய விஷயம். வரலாற்றுப் பெயர்கள் கையெழுத்திட்ட பழைய புகைப்படங்களிலும் சில சமயம் பலன் உண்டு.

இன்றைய வீரர் நல்ல மார்க்கரால், மேசையில் உட்கார்ந்து, புத்தம்புதுப் படத்தில் போட்ட கையெழுத்து என்றால் அது 10 வாங்குவது ஒன்றும் அதிசயமில்லை. அதே வீரருடையது இன்னும் ஆயிரக்கணக்கில் 10 வாங்கியிருக்கும். எல்லோரும் முதல் வகுப்பில் தேறிய பரீட்சையில் முதல் வகுப்புக்கு என்ன மரியாதை? எத்தனை பொருளுக்கு எந்த மதிப்பெண் கொடுத்தார்கள் என்ற கணக்கை கிரேடிங் நிறுவனங்கள் வெளியிடுகின்றன, அனுப்புவதற்கு முன் அதைப் பாருங்கள்.

ஜெர்சி, கிரிக்கெட் பேட்டு, ஃபுட்பால்? இதுக்கெல்லாம் மார்க் உண்டா?

பொதுவாக இவற்றில் கையெழுத்துக்குச் சரிபார்ப்போடு நிறுத்திக்கொள்வார்கள். வாங்குகிறவர்களும் எண் கேட்பதில்லை. ஜெர்சியில் விலையைத் தூக்குவது வேறு கேள்வி: இதைப் போட்டுக்கொண்டு ஆடினாரா? அதற்குத் தையல், கறை, கிழிசல் எல்லாவற்றையும் ஆட்டத்தின் படங்களோடு பொருத்திப் பார்க்கிற தனித் துறையே இருக்கிறது.

கிரிக்கெட் பேட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டின் முகத்திலோ மேற்பகுதியிலோ வீரரின் கையெழுத்து அச்சாகவே வரும், விளம்பர ஒப்பந்தத்துக்காகத் தொழிற்சாலையில் போடுவது. பரணில் கிடந்த பேட்டில் இதைப் பார்த்துவிட்டுப் பெரிய புதையல் என்று படம் அனுப்பியவர்கள் எத்தனையோ பேர். பக்கத்தில் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், ஸ்டிக்கரின் விளிம்பு தெரிகிறதா, கோடு முழுக்க ஒரே தடிமனாக இருக்கிறதா என்று. அப்புறம் உண்மையான கையெழுத்து என்றாலே அரிது என்று அர்த்தமில்லை. டான் பிராட்மேன் வந்த கடிதத்துக்கெல்லாம் பதில் போட்டு, ஆயுசு முழுக்கக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். அவருடையது சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது, அங்கே விலையைத் தீர்மானிப்பது எந்தப் பொருளில் எந்த வருடம் போட்டார் என்பதுதான்.

மை மங்கிப்போச்சு. அதே இடத்துல லேசா பேனா ஓட்டிட்டு அனுப்பினா மார்க் ஏறுமா?

ஏறாது, இருக்கிறதும் போய்விடும். மேலே பேனா ஓட்டினால் இப்போது தெரிவது உங்கள் கையெழுத்து. முன்பு சொன்ன அந்த மெதுவாக வரைகிற நடுக்கம் உங்கள் கோட்டில் வரும், பூதக்கண்ணாடியில் இரண்டு மை தெரியும், உண்மையான பொருள் போலியாகத் திரும்பி வரும். பந்தைத் துடைப்பது, ரசாயனம் தடவுவது, வெள்ளையாக்குவது எல்லாமே இதே ரகம். 

கார்டுக்கு 4, கையெழுத்துக்கு 10 வந்திருக்கு. இன்னொரு கார்டுக்கு நம்பரே இல்ல, வெறும் 'அதென்டிக்'னு மட்டும் இருக்கு. ஃபெயிலா?

இரண்டுமே ஃபெயில் இல்லை. கார்டை அச்சடித்த நிறுவனமே கையெழுத்து வாங்கிப் பாக்கெட்டில் போட்டு விற்ற புதுக் கார்டு என்றால் கார்டின் எண்ணும் முக்கியம், அங்கே 4 வலிக்கும். ஒரு ரசிகர் எழுபது வருடத்துக்கு முன்பு சட்டைப் பையில் மடித்து எடுத்துப்போய்ப் போட்டு வாங்கிய கார்டு என்றால் மடிப்பு இருக்கத்தான் செய்யும், வாங்குகிறவர் கையெழுத்தைத்தான் பார்க்கிறார்.

'அதென்டிக்' என்றால் உண்மையானது, எண் போடவில்லை என்று மட்டும்தான் பொருள். அனுப்பும்போதே அப்படி மட்டும் கேட்டு வாங்கலாம். 2, 3 வருமோ என்று பயமாக இருக்கிற பொருளுக்கு இதுதான் நல்ல வழி. பெட்டியின் மேல் பெரிதாக 3 என்று எழுதியிருந்தால் வாங்குகிறவர் கண் அங்கேயே நிற்கும். எண் இல்லையென்றால் பொருளைப் பார்ப்பார்.

என் பேரெழுதி "அன்புடன்"னு போட்டுக் குடுத்தாரு. இதனால விலை குறையுமாமே?

குறையும். இன்னொருவரின் பெயர் எழுதிய பந்தை வாங்கி அலமாரியில் வைக்க நிறையப் பேர் விரும்புவதில்லை. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. வெறும் கையெழுத்து ஒரே வீச்சு, அதைப் பயிற்சி செய்து போட்டுவிடலாம். பெயரும் வாழ்த்தும் நாலு வார்த்தை சேர்ந்தால் ஒப்பிட நிறைய எழுத்து கிடைக்கிறது, போலி செய்பவனுக்கு அது கஷ்டம், விற்கவும் வசதியில்லை, ஆகவே அவன் அந்தப் பக்கமே போவதில்லை. பழைய வீரர்களுடையதில் பெயரெழுதியதைக் குறைந்த விலைக்கு நான் ஆசையாகவே வாங்குகிறேன். அந்தப் பெயரை அழித்துவிட்டு அனுப்பலாமா என்று கேட்காதீர்கள், பதில் மங்கிய மைக்குச் சொன்னதுதான்.

நிராகரிச்சு அனுப்பிட்டாங்க. எனக்கு நல்லாத் தெரியும், ஒரிஜினல்தான். இப்ப என்ன பண்ண?

முதலில் காரணத்தைப் பாருங்கள். போலி என்று சொல்கிறார்களா, முடிவு சொல்ல முடியவில்லை என்கிறார்களா என்பதில் வித்தியாசம் இருக்கிறது. ஒப்பிட மாதிரிகளே இல்லாத வீரராக இருந்தாலோ, ஓடுகிற காரின் ஜன்னலில் அவசரமாகப் போட்டதாக இருந்தாலோ இரண்டாவது பதில் வரும். அப்படி என்றால் வேறு நிறுவனத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம்.

போலி என்றே சொல்லிவிட்டால், உங்கள் முன்னால் போட்டதா, யாரோ சொல்லி வாங்கியதா என்று உங்களையே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தபாலில் வந்ததென்றால் செயலாளர் போட்டதாக இருக்கலாம், ரப்பர் முத்திரையாக இருக்கலாம், கையெழுத்துப் போடும் எந்திரமாகக்கூட இருக்கலாம். அந்தக் காலத்து பேஸ்பால் அணிகளில் உடை மாற்றும் அறையில் வேலை பார்த்த பையன்களே நட்சத்திர வீரர்களுக்காகப் போட்டுக் கொடுத்தார்கள். இதெல்லாம் ஏமாற்ற நினைத்துச் செய்தது இல்லை, ஆனால் வீரரின் கையும் இல்லை. நிராகரித்த விஷயத்தை மறைத்து இன்னொருவர் தலையில் கட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். இரண்டாவது முறை நான் ஏமாந்தது அப்படி ஒரு பொருளில்தான், விற்றவருக்கு அது தெரிந்தே இருந்தது.

ஹோலோகிராம் ஸ்டிக்கர் இருந்தா கண்ணை மூடிட்டு வாங்கலாம்ல?

கண்ணைத் திறந்து வாங்குங்கள். ஸ்டிக்கரையும் போலியாக அடிக்கிறார்கள். 2025-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் போலி ஹோலோகிராம் ஒட்டி விற்ற ஒரு பெரிய விவகாரம் வெளியே வந்து இந்தத் துறையையே கலங்கடித்தது. ஸ்டிக்கரில் இருக்கிற எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இருக்கிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள், உண்மையான எண்ணையே நூறு போலிப் பொருளில் அடித்திருக்கலாம். அங்கே என்ன பொருள், யார் கையெழுத்து என்று இருப்பது கையிலிருப்பதோடு பொருந்துகிறதா, படம் இருந்தால் கோடுக்குக் கோடு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பிளாஸ்டிக் பெட்டி என்றால் ஓரங்களைப் பாருங்கள். திறந்து, உள்ளே வேறு வைத்து, திரும்ப ஒட்டியிருந்தால் விளிம்பில் வெள்ளையாகக் கீறலும் பசையும் தெரியும்.

நான் விக்கவே போறதில்ல. எனக்கு ஆசைக்குத்தான். அப்பவும் பண்ணணுமா?

வேண்டாம். அந்தப் பணத்தில் புற ஊதா ஒளியைத் தடுக்கும் கண்ணாடி போட்ட சட்டம் வாங்குங்கள், வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். வெளிச்சம்தான் மைக்கு முதல் எதிரி, தினமும் ஜன்னல் வெயில் பட்டால் நல்ல மார்க்கர் கையெழுத்தும் கண்ணெதிரே வெளுக்கும். பந்தை வெறும் கையால் எடுத்து எடுத்துக் காட்டாதீர்கள், வியர்வை போதும் அதைப் பழுப்பாக்க.

இன்ஷூரன்ஸ் எடுக்க நினைத்தால் மட்டும் சரிபார்ப்புச் சான்று உதவும். மதிப்பெண் அதற்கும் தேவையில்லை.

அப்பா போயிட்டாரு. பெட்டி நிறைய பந்து, கார்டு, புகைப்படம்னு கையெழுத்தோட இருக்கு. எல்லாத்தையும் அனுப்பவா?

எல்லாவற்றையும் அனுப்பினால் சொத்தில் பாதி கட்டணத்துக்கே போய்விடும். முதலில் எதையும் துடைக்காமல், கூட இருக்கும் உறை, கடிதம், டிக்கெட், ரசீது எதையும் தூக்கி எறியாமல் ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். அப்பா எங்கே, எப்போது வாங்கினார் என்று தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அச்சுக் கையெழுத்துகளைத் தனியாக எடுத்துவிடுங்கள், பாதிப் பெட்டி அங்கேயே குறைந்துவிடும்.

மிச்சத்தில் பெரிய பெயர்களை மட்டும் எடுத்து, விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். சரிபார்ப்பு நிறுவனங்கள் சில, படத்தை மட்டும் பார்த்துக் குறைந்த கட்டணத்தில் ஒரு முதல் கருத்துச் சொல்கின்றன. அது சான்று ஆகாது, ஆனால் அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்யப் போதும். அதில் தேறியதை முதலில் சரிபார்ப்புக்கு அனுப்புங்கள், கார்டும் பழைய தனிக் கையெழுத்துப் பந்தும் இருந்தால் மட்டும் மதிப்பெண்ணும் சேர்த்துக் கேளுங்கள். ஏல நிறுவனம் ஒன்று எடுத்துக்கொள்கிற அளவுக்குப் பெரிய பொருள் இருந்தால் அனுப்புவதற்கு முன் அவர்களிடம் பேசுங்கள், சரிபார்ப்பை அவர்களே பார்த்துக்கொண்டு விற்ற பணத்தில் கழித்துக்கொள்வதும் உண்டு.